ஒருத்தி கைக்குச் சேர்த்த ரோஜா

அத்தர் பட்டறைக்குள் புதிதாக நுழைகிறவர்களுக்கு முதலில் மூக்கு விழிக்கும், அப்புறம்தான் கண். அங்கேயே பழகிக் கிடக்கிறவர்களுக்கோ இரண்டும் பாதித் தூக்கத்தில்தான் இருக்கும். கையம்மா அங்கே பழகிக் கிடந்தவள். கையம்மா என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை, பட்டறையில் வந்து ஒட்டிக்கொண்ட பெயர். அவள் பிழைப்பே கைதான். கையால் செய்கிற வேலைகூட இல்லை, கையை நீட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற வேலை.

இதெல்லாம் ஒரு வேலையா என்று சிரிக்காதீர்கள், கண்ணுகளா. அத்தர் புட்டிக்குள் ஒரு ஆள், தோலில் வேறு ஆள். மூடியைத் திறந்து முகர்ந்தால் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி பல்லைக் காட்டும். தோலில் தொட்டு வைத்து அரை நாள் போனால்தான் குணம் தெரியும். எலுமிச்சைத் தோல் வாசனை, வாசலோடு திரும்புகிற விருந்தாளி மாதிரி உட்காராமலே ஓடிவிடும். அதற்குப் பிறகு பூ வரும். பூவும் மெல்ல ஓய்ந்த பிறகு, அடியில் பதுங்கியிருந்த சந்தனமோ அகிலோ தலை தூக்கும். சாயங்காலம் எது மிச்சமோ அதுதான் வாங்கினவருக்குச் சொந்தம். காகிதத்தில் நனைத்து முகர்ந்தால் இதில் பாதிதான் தெரியும். காகிதத்துக்குச் சூடு ஏது, வேர்வை ஏது?

அதனால் கலவை சேர்ப்பவர் தினமும் காலையில் கண்ணாடிக் குச்சியால் அவள் கையில் தொட்டு வைப்பார். மணிக்கட்டில் ஒன்று, அதற்கு மேலே ஒன்று, இப்படி முழங்கை மடிப்பு வரைக்கும் போகும். பட்டறைக்கு முதலாளியும் அவர்தான். பாட்டில் கழுவுகிற பெண்கள் அவர் முதுகுக்குப் பின்னால் மூக்கர் என்பார்கள். அது அவருக்கும் தெரியும், தெரியாத மாதிரி இருந்துகொள்வார். தொட்டு வைத்த இடத்தை அவள் தேய்க்கக் கூடாது. வாசனை சோப்பு ஆகாது, க்ரீம் ஆகாது, வெங்காயம் தொடக் கூடாது. வீட்டில் வெங்காயம் உரிப்பது நாத்தனார் பாடு. "எங்க அண்ணி கை பொன்னாலானது, உரிக்கிறதுக்குன்னே பொறந்தவ நான்தான்" என்று அந்த நாத்தனார் அழாத நாள் இல்லை. உரிக்கிறபோது எப்படியும் அழுதுதானே ஆக வேண்டும் என்று இவளும் விட்டுவிடுவாள்.

எண்ணெய்ப் பசை வழியாமல், வறண்டும் போகாமல், எல்லார் தோலுக்கும் நடுவிலே நிற்கிற மாதிரி ஒரு தோல் அவளுக்கு. "உன் கையில நின்னா ஊர்ல நிக்கும்மா" என்பார் மூக்கர். தன் மூக்கைவிட அவள் கையைத்தான் நம்பினார். "மூக்குக்குச் சளி பிடிச்சா ஒரு பேச்சு, பசிச்சா ஒரு பேச்சு. தோலுக்குப் பொய் சொல்லத் தெரியாது." காலையில் அவள் உள்ளே வந்ததுமே அவர் கேட்கிற முதல் கேள்வி, "கை என்ன சொல்லுது?"

அந்த வருஷம் கை என்ன சொல்லியிருந்தாலும் அவள் காதில் விழுந்திருக்காது. அவ்வளவு அலுப்பு. மாதாந்திரத் தொல்லை நின்றுபோன வயசு. நின்றது சும்மா நிற்காமல், உடம்புக்குள் ஒரு அடுப்பை மூட்டிவிட்டுப் போயிருந்தது. படுத்தால் நெஞ்சிலிருந்து காது வரைக்கும் தீ ஏறும். எழுந்து ஜாக்கெட்டை மாற்றிக்கொண்டு படுத்தால் அதுவும் நனையும். புருஷன் லாரி ஓட்டிக்கொண்டு எங்கேயோ இருப்பான். வீட்டில் இருந்தாலும் இதையெல்லாம் கேட்கிற ஆள் இல்லை. விடிந்ததும், அதே பட்டறையில் நின்றபடி லேபிள் ஒட்டுகிற நாத்தனாரோடு பஸ் பிடித்து வந்து, தன் பிரம்பு நாற்காலியில் உட்காரும்போதுதான் அவள் உடம்பு கொஞ்சம் ஆறும். நாள் முழுக்க உட்கார்ந்து செய்கிற வேலை பட்டறையில் அது ஒன்றுதான். மற்ற பெண்கள் வெந்நீர்த் தொட்டியடியில் நின்றுகொண்டு பாட்டில் கழுவ வேண்டும். முட்டி தேய்ந்த பெண்பிள்ளைக்கு நாற்காலியைவிடப் பெரிய சிம்மாசனம் எது?

பட்டறைக்குச் சோறு போடுவது ஒரே கலவை, ரோஜா. ரோஜாத் தைலம் ஒவ்வொரு தடவையும் ஒரு மாதிரி வரும். அதனால் ஒவ்வொரு தடவையும் அவள் கையில் வைத்துப் பார்த்து, குறைந்ததைக் கூட்டி, கூடினதைக் குறைத்துச் சேர்ப்பார். அந்த வருஷம் அவள் கையில் ரோஜா நிற்கவில்லை. காலையில் வைத்தால் மதியத்துக்குள் பறந்துவிடும். கீழே ஒரு புளிப்பு மட்டும், கழுவாத பித்தளைச் செம்பு மாதிரி. மூக்கர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு ரோஜாவைக் கூட்டினார். மறுபடியும் புளித்தது. இனிப்பு வரட்டும் என்று வனிலாவைக் கூட்டினார். இப்படியே கூட்டிக் கூட்டி, ஒரு நாள் அவள் கையில் சாயங்காலம் வரைக்கும் பழைய ரோஜா அழகாக நின்றது. அவருக்கு முகம் மலர்ந்தது. புட்டிகளில் அடைத்துக் கடைகளுக்கு அனுப்பினார்.

போன புட்டிகள் திரும்பி வந்தன. தலை வலிக்கிறதாம், திகட்டுகிறதாம், பூசிக்கொண்டவர் பக்கத்தில் ஆள் உட்கார முடியவில்லையாம். ஒரு கடைக்காரர் நேரிலேயே வந்துவிட்டார்.

"ஐயா, இது அத்தரா, ஜாமா? ரொட்டியில தடவலாம் போல இருக்கு."

மூக்கர் மறுபடி சேர்த்தார், மறுபடி அவள் கையில் பார்த்தார், மறுபடி அனுப்பினார். அதுவும் திரும்பியது. அன்றைக்கு அவர் பெண்களைக் கூப்பிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"என் மூக்கு போயிடுச்சும்மா. வயசாச்சு. கையில நல்லா நிக்குற கலவை, ஆளுங்களுக்குப் பிடிக்கலைன்னா என்ன அர்த்தம்? நான் ஏதோ தப்பா சேர்க்கிறேன், அது எனக்கே தெரியல. இனிமே வெளியில இருந்து ரெடியா வர்ற தைலத்தை வாங்கி அடைச்சுக் குடுப்போம். இந்தக் கலவை மேசையை எடுத்துட்டுப் போக நாளைக்கு ஆள் வரான்."

அந்த மேசையில்தான் அவர் வாலிபத்திலிருந்து உட்கார்ந்திருக்கிறார். சொல்லிவிட்டுச் சட்டைக் கையை மூக்கில் வைத்துக்கொண்டார். மூக்கு களைத்தால் தன் சட்டையை முகர்ந்து ஆற்றிக்கொள்வது அவர் வழக்கம். அன்றைக்கு அது கண்ணைத் துடைக்கிற மாதிரிதான் இருந்தது.

சாயங்காலம் பஸ்ஸில் உட்கார இடமில்லை. கையம்மாவும் நாத்தனாரும் பக்கத்துப் பக்கத்தில் மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். லேபிளைப் பிரித்தெடுக்கிறபோது, திரும்பி வந்த புட்டி ஒன்று ஒழுகி, நாத்தனார் கை முழுக்க மதியமே ரோஜா கொட்டியிருந்தது. பக்கத்து சீட்டுக்காரி மூக்கைச் சுளித்துக்கொண்டு ஜன்னலை இழுத்துத் திறந்தாள்.

"பாத்தியா அண்ணி, என்னைப் பாத்து ஜன்னலைத் திறக்கறா. நான் என்ன செத்த எலியா?"

கையம்மாவுக்கு அலுப்பில் கண் செருகிக்கொண்டிருந்தது. பஸ் குலுங்கியதில் நாத்தனாரின் கை அவள் முகத்துக்கு நேரே வந்தது. திகட்டல் என்றால் அப்படி ஒரு திகட்டல், தொண்டையில் பாகு இறங்குகிற மாதிரி. கண் விழித்துக்கொண்டது. தன் கையை மூக்குக்குக் கொண்டுபோனாள். காலையில் மூக்கர் அவள் கையில் வைத்ததும் அதே கலவைதான். அவள் கையில் பூ அடக்கமாக, பதமாக நின்றது.

"கையைக் காட்டுடி."

"பஸ்ல என்ன அண்ணி இது, ஆளுங்க பாக்குறாங்க."

"காட்டுடின்னா."

இந்தக் கையையும் அந்தக் கையையும் மாற்றி மாற்றி முகர்ந்தாள். கண்டக்டர் ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, நமக்கெதுக்கு வம்பு என்று போய்விட்டார். அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. மாறினது ரோஜா இல்லை. அவர் மூக்கும் இல்லை. உள்ளே எரிகிற அடுப்பு பூவையெல்லாம் ஆவியாக்கி விரட்டிவிடுகிறது. அவர் அந்த அடுப்புக்கு ஈடு கொடுத்துக் கொடுத்துக் கூட்டியிருக்கிறார். ஊருக்கெல்லாம் அவள் ஒருத்தி அளவுக்கு ரவிக்கை தைத்து அனுப்பியிருக்கிறார். எவளுக்குப் பொருந்தும்?

வீட்டுக்கு வந்து நாத்தனாரிடம் சொன்னாள். நாத்தனார் வெங்காயத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"சரி, இதை யார்கிட்ட சொல்லப்போற?"

"அவர்கிட்டதான்."

"உனக்கென்ன பைத்தியமா? சொன்னா அடுத்த நிமிஷம் உன்னைத் தொட்டியடிக்கு அனுப்பிடுவாரு. உன் முட்டி தாங்குமா? சொல்லலைன்னா என்ன ஆகும்? மேசை போகும். அவருக்கு வயசாச்சு, வீட்ல போய் நிம்மதியா படுக்கட்டும். வெளித்தைலம் வந்தா அடைக்கிற வேலை வரும், அதை உட்கார்ந்தே செய்யலாம்."

நியாயமான பேச்சுதான். கையம்மாவுக்கும் அது புரிந்தது. அலுத்துப்போனவர்களுக்கு நியாயம் எப்போதுமே உட்கார்ந்திருக்கிற பக்கமாகத்தான் சாயும். ஆனால் அந்த மனிதர் தன் மூக்கு செத்துப்போனது என்று நம்பிக்கொண்டு, இந்நேரம் வீட்டில் சோற்றுத்தட்டின் முன்னால் உட்கார்ந்திருப்பார். குழம்பை முகர்ந்து பார்த்து அதையும் சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பார். அதை நினைத்ததும் இவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

காலையில் போனபோது மூக்கர் கண்ணாடிக் குச்சிகளைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை.

"ஐயா, என் கை சரியில்லைங்க."

"ஏம்மா, வலியா?"

"வலி இல்லைங்க. வயசு."

"எனக்கும்தான் வயசு. அதுக்கென்ன இப்போ?"

"அது வேற வயசு, இது வேற வயசுங்க." ஆம்பிளையிடம், அதுவும் அப்பா ஸ்தானத்தில் இருக்கிறவரிடம், எப்படிச் சொல்வது? சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள். பின்னால் லேபிள் மேசையிலிருந்து நாத்தனார் பொறுக்க மாட்டாமல் கத்தினாள்.

"ஐயா, உங்க வீட்டம்மா அம்பது வயசுல ஃபேனுக்கு அடியிலேயே குடியிருந்தாங்களே, ஞாபகம் இருக்கா? அதுதான்!"

தொட்டியடியில் சிரிப்பு கிளம்பி, உடனே அடங்கியது. மூக்கர் குச்சிகளைக் கீழே வைத்தார். கையம்மா நாத்தனாரை இழுத்துவந்து, இருவர் கையிலும் திரும்பி வந்த ரோஜாவை வைக்கச் சொன்னாள். அவர் வைத்தார். பூ எழும்பட்டும் என்று மூவரும் காத்திருந்தார்கள். பிறகு அவர் குனிந்து இந்தக் கையை முகர்ந்தார், அந்தக் கையை முகர்ந்தார், திரும்ப இந்தக் கைக்கு வந்தார். அவர் முகம் சிவந்தது.

"எத்தனை பேர் முன்னாடி தலை குனிஞ்சேன் தெரியுமா? ஜாம்னு சொல்லிட்டுப் போனான் ஒருத்தன். உடம்பு மாறுதுன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"எனக்கே நேத்து பஸ்லதாங்க தெரிஞ்சுது."

அவர் நாற்காலியில், அவளுடைய நாற்காலியிலேயே, உட்கார்ந்துவிட்டார். கோபம் கொஞ்ச நேரம் நின்றது, பிறகு அதுவும் களைத்தது.

"முதல் தடவை சேர்க்கும்போதே எனக்கு இனிப்பு ஜாஸ்தின்னு பட்டுச்சும்மா. மூக்கு சொல்லிச்சு. நான்தான், உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இருன்னு அதை அதட்டி உட்கார வெச்சுட்டேன்."

"அப்போ மூக்கு நல்லாத்தானே இருக்கு."

"இருக்கும் போல." மெதுவாகத்தான் சொன்னார், சத்தமாகச் சொன்னால் திரும்பப் போய்விடுமோ என்கிற மாதிரி.

மேசை எடுக்க வந்த ஆளுக்கு டீ கொடுத்துத் திருப்பி அனுப்பினார். அதற்கப்புறம் அவர் அவளை ஏறிட்டுப் பார்க்கவில்லை. சொல்ல வேண்டியதை அவள்தான் சொன்னாள், அவருக்குச் சிரமம் வேண்டாம் என்று.

"நான் தொட்டியடிக்குப் போறேங்க. இவளை உட்கார வையுங்க. ஆனா இவ ஒருத்தி கையை மட்டும் நம்பாதீங்க."

"நம்புவேனா? இனிமே கழுவுற பொண்ணுங்க எல்லார் கையிலயும் வைப்பேன். என் கையிலயும் வைப்பேன்."

"உங்க கையில முடிதான் மணக்கும்" என்றாள் நாத்தனார், அதற்குள்ளாகவே நாற்காலியின் கைப்பிடியைத் தடவிப் பார்த்துக்கொண்டு. பிறகு அண்ணியின் முகத்தைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டாள். "அண்ணி, எனக்கு வேணாம். நீயே உட்காரு."

"உட்காருடி. உனக்காவது முட்டி நல்லா இருக்கு, அதைக் காப்பாத்து."

தொட்டியடியில் வெந்நீர் ஆவி முகத்தில் அடித்தது. உள்ளே ஒரு அடுப்பு, வெளியே ஒரு அடுப்பு. மற்ற பெண்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். ஒருத்தி தன் காலடியில் கிடந்த சாக்கை மடித்து அவள் நிற்கிற இடத்தில் போட்டாள். சோப்புத் தண்ணீரில் கையை முழங்கை வரைக்கும் விட்டாள். பிரஷ்ஷைப் புட்டிக்குள் நுழைத்துத் திருகி, கவிழ்த்து, அடுத்ததை எடுத்தாள். முட்டி கொஞ்ச நேரத்திலேயே முனக ஆரம்பித்தது. அந்த வாரம் முழுக்க அப்படித்தான் போனது. வீட்டுக்குப் போனால் வெந்நீர் ஒத்தடம், அப்புறம் படுக்கை, அப்புறம் அந்தத் தீ. பஸ்ஸில் நாத்தனார் சண்டை போட்டாவது இடம் பிடித்துக் கொடுத்தாள், அதுவரைக்கும் சந்தோஷம்.

மூக்கர் பழைய அளவிலிருந்து தொடங்கி, ரோஜாவைக் குறைத்தார், வனிலாவைத் தள்ளினார், அடியில் சந்தனத்தைத் துளி உயர்த்தினார். நாலைந்து கைகளில் வைத்தார். ஒருத்தி கையில் பூ சீக்கிரம் வந்தது, இன்னொருத்தி கையில் சோம்பலாக வந்தது, அவர் கையில் வரவே இல்லை. பட்டறையில் நாள் முழுக்க ஒரே வாதம். கையை நீட்டிக்கொண்டு பெண்கள் ஒருத்தியை ஒருத்தி முகர்ந்து பார்த்துச் சிரித்தார்கள்.

ஒரு நாள் மதியம் நாத்தனார் நாற்காலியை விட்டுத் தொட்டியடிக்கு ஓடி வந்தாள். முழங்கையை உயர்த்தி, யார் மேலும் பட்டுவிடாமல், கண்ணாடிப் பாத்திரம் தூக்கி வருகிற மாதிரி வந்தாள்.

"அண்ணி, அவருக்குச் சந்தேகமா இருக்காம். மதியத்துக்கு ரோஜா எப்படி நிக்கணும்னு உனக்குத்தான் தெரியுமாம். உன்னைக் கூட்டிட்டு வரச் சொன்னாரு."

கையம்மா ஈரக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தாள். எலுமிச்சை போய்விட்டிருந்தது. பூ வந்துவிட்டது. அதன் அடியில், இன்னும் எழுந்திருக்காமல், சந்தனம் படுத்துக் கிடந்தது. இன்னொரு தரம் முகர்ந்தாள். தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே முகர்ந்தாள்.

"வந்துடுச்சு. சரியா இருக்கு."

"அப்போ வா, வந்து அவர்கிட்ட சொல்லு."

"கால் வலிக்குதுடி" என்று சொல்லி அடுத்த புட்டியை எடுத்தாள். "நீயே போய்ச் சொல்லு."