நானூறு கிலோ மிளகும் ஒரு விமானமும்

மலைமேல் இருக்கும் வாழவந்தி நாட்டில் பத்து வீட்டு மிளகைச் சேர்த்து விற்கும் சங்கத்துக்கு அத்தாயிதான் செயலாளர். ஏப்ரல் மாதம் ஜெர்மனியில் மசாலாக் கடை வைத்திருக்கும் ஒருவர் நானூறு கிலோ கேட்டு எழுதியிருந்தார். ஆகஸ்டு கடைசிக்குள் வந்தால் போதும், விமானமோ கப்பலோ உங்கள் விருப்பம், அனுப்புகிற செலவும் உங்களுடையது என்று அதில் இருந்தது.

கடிதத்தை அவள் கூட்டத்தில் வாசித்துக் காட்டினாள். முடிவெடுக்கும் முன்பே அவள் கணவன் அர்த்தனாரி சோளக்காட்டுச் சந்தைக்குப் போய், பஸ்ஸுக்கு நின்றவர்களிடமெல்லாம் எங்கள் மிளகு விமானத்தில் போகிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான். மறுநாள் பழக்கடை பாப்பாயி அத்தாயியை வழிமறித்தாள்.

"ஏன் அத்தாயி, உங்கூட்டுக்காரரு மூட்டை மேல உக்காந்தே போறாராமா?"

"அவரையும் எடை போட்டுத்தான் ஏத்துவாங்களாமுங்க. கட்டுப்படியாகாது."

வீட்டுக்கு வந்து அவனைப் பிடித்தாள். "ஏனுங்க, யாரைக் கேட்டு ப்ளேன்னு சொன்னீங்க?"

"வெளிநாட்டுக்குப் போற சரக்கு புள்ள. மருவாதியாப் போகவேண்டாமா?"

இருவரும் பஸ் பிடித்து நாமக்கல்லுக்கு இறங்கினார்கள். அங்கே சரக்கு அனுப்பும் அலுவலகத்தில் சண்முகப்பிரியா என்ற பெண் டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டு, இரண்டு வழியையும் விளக்கினாள்.

"ப்ளேன்ல ஒரு வாரத்துல போயிருமுங்க. கப்பல்ல, தூத்துக்குடியில ஏத்தி அங்க கடைக்குப் போய்ச் சேர அம்பது நாள் வெச்சுக்கங்க. ஆனா ப்ளேன் கூலி அஞ்சாறு மடங்கு ஆகும்."

"அம்பது நாளா?" என்றான் அர்த்தனாரி. "நடந்தே போயிரலாமுங்களே!"

"செங்கடல் பக்கம் பிரச்சினைன்னு நெறையக் கப்பல் ஆப்பிரிக்காவைச் சுத்திப் போகுதுங்கண்ணா."

அர்த்தனாரி வெற்றியோடு மனைவி பக்கம் திரும்பினான். "கேட்டியா? சுத்து வழி!"

அத்தாயி அவனைக் கண்டுகொள்ளவில்லை. "ப்ளேன்ல யாருங்க அனுப்புறாங்க?"

"முருங்கைக்காய், கறிவேப்பிலை, பூ. நாளைக்கே வாடிப்போறதெல்லாம் அதுல போகுமுங்க்கா. மிளகு வாடுமுங்களா?"

"கப்பல் ஆடுமே," என்றான் அர்த்தனாரி விடாமல். "மூட்டை என்னத்துக்கு ஆகும்?"

"நாமக்கல் முட்டையே கப்பல்லதானுங்கண்ணா போகுது."

அர்த்தனாரி டீயை எடுத்துக் குடித்தான்.

நானூறு கிலோவுக்கு ஒரு கன்டெய்னர் முழுவதும் பிடிக்க வேண்டியதில்லை, மற்றவர்கள் சரக்கோடு சேர்ந்து போகலாம் என்றாள் சண்முகப்பிரியா. "ஒண்ணே ஒண்ணுதானுங்க்கா. நல்லாக் காஞ்சிருக்கணும். வெயிலும் குளிருமா மாறி வரப்ப பெட்டிக்குள்ள வேர்க்கும். மிளகுல ஈரம் பன்னெண்டு சதவீதத்துக்கு மேல இருந்தா பூஞ்சை பிடிச்சிரும். ஒரு மூட்டையில பிடிச்சா பக்கத்து மூட்டையும் போச்சு."

அர்த்தனாரியின் டீ கிளாஸ் பாதி வழியில் நின்றது. அத்தாயி அதைப் பார்த்துவிட்டாள். இருபத்தைந்து வருடத்தில் இந்த முகத்தை அவள் மூன்று நான்கு தடவை பார்த்திருக்கிறாள். அவளைக் கேட்காமல் கிடாயை விற்ற அன்று பார்த்ததும் இதே முகம்தான்.

பஸ்ஸில் மலையேறித் திரும்பினார்கள். வழக்கமாக டிரைவருக்கே வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்துக்கொண்டு வருகிறவன், எழுபது வளைவும் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தான்.

மறுநாள் சங்கத்தின் ஈரம் பார்க்கும் கருவியை எடுத்துக்கொண்டு அத்தாயி வீடு வீடாகப் போனாள். ஒன்பது வீட்டிலும் பத்தரை, பதினொன்று என்றுதான் காட்டியது. கடைசியாகத் தன் வீட்டுக்கு வந்தாள். அர்த்தனாரி மூட்டை மேல் உட்கார்ந்திருந்தான்.

"நம்மூட்டு மிளகுக்கு எதுக்குப் புள்ள? நாந்தான காய வெச்சேன்?"

"அதனாலதான் பாக்கோணும். எந்திரிங்க."

கருவி பதினாலு காட்டியது.

"ஏனுங்க?"

அவன் தரையைப் பார்த்தான். "அன்னிக்கு உந்தம்பி ஊட்டு விசேசம். மழை வேற இருட்டிக்கிட்டு வந்துச்சு. ரெண்டு நாள் முன்னாடியே அள்ளிக் கட்டிப்போட்டேன்."

"அதுக்குத்தான் மருவாதியாப் போகணும்னீங்களா?"

"ப்ளேன்ல போனா, பூஞ்சை பிடிக்கிறதுக்குள்ள அவங்க அரைச்சிருப்பாங்கன்னு நெனச்சேன்."

கோபப்படத்தான் அத்தாயி வாயைத் திறந்தாள், சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் கருவியை அவன் முன்னால் நீட்டினாள்.

"பத்து ஊட்டு மிளகும் ஒரே பேர்ல போகுதுங்க. நம்ம மூட்டையால பொன்னம்மாளக்கா மிளகு கெட்டுப்போனா, அவங்க மூஞ்சியில எப்படி முழிக்கிறது?"

அர்த்தனாரி உள்ளே போய்த் தார்ப்பாயை எடுத்து வந்து வாசலில் விரித்தான்.

நான்கு நாள் அந்தத் தார்ப்பாயை விட்டு அவன் நகரவில்லை. மலையில் வெயிலை நம்ப முடியாது. மேகம் தலைகாட்டினால் மிளகைச் சுருட்டிக்கொண்டு உள்ளே ஓடுவான், வெளுத்தால் மறுபடி வந்து விரிப்பான். பார்க்க வந்த பாப்பாயி, "ப்ளேன் எறங்குறதுக்கா இம்மாம் பெருசா விரிச்சிருக்குது?" என்று கேட்டாள். அவன் நிமிராமலேயே, "தள்ளி நில்லுங்க, நெழல் விழுது," என்றான்.

சங்கக் கூட்டத்தில் இதை எப்படிச் சொல்வது என்று அத்தாயி யோசித்துக்கொண்டிருக்கையில் அவனே எழுந்தான். "எம் மிளகுதானுங்க ஈரமா இருந்துச்சு. இப்பப் பதினொண்ணு. வேணும்னா நீங்களே கருவியைக் குத்திப் பாருங்க." பொன்னம்மாள் உடனே எழுந்து போய்க் குத்திப் பார்த்தாள். பதினொன்றுதான். எல்லாரும் கப்பலுக்குச் சம்மதித்தார்கள்.

மே மாதம் சரக்கு தூத்துக்குடியில் ஏறியது. அது முதல் அர்த்தனாரிக்குச் செல்போனில் கப்பலைப் பார்ப்பதே வேலையாகிப்போனது. சோறு போடும்போது, "ஆப்பிரிக்காவோட அடிமுனை தாண்டியாச்சு," என்பான். அடுத்த வாரம் கப்பல் ஒரே இடத்தில் மூன்று நாள் நின்றபோது அவனுக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

"நீங்க எறங்கித் தள்ளுனாத்தான் போகுமாட்ட இருக்குது," என்றாள் அத்தாயி. அவளும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து எட்டிப் பார்த்தாள்.

ஜூலையில் பதில் வந்தது. எல்லா மூட்டையும் நன்றாக இருக்கிறது, அடுத்த வருடம் அறுநூறு கிலோ வேண்டும். கப்பலில் அனுப்பியதால் கூலியில் மிச்சமானதை என்ன செய்யலாம் என்று சங்கம் கூடியது. மழைக்கும் பனிக்கும் பயப்படாமல் மிளகு காயவைக்க ஒரு பாலித்தீன் கொட்டகை போடலாம் என்று முடிவானது. எங்கே போடுவது என்ற பேச்சு ஒரு மணி நேரம் ஓடியது.

"எங்க மரவள்ளிக் காட்டுல ரோட்டோரம் போட்டுக்கங்க," என்றான் அர்த்தனாரி. "அங்கதான் வெயில் ரொம்ப நேரம் நிக்கும்."

கிழங்கு நன்றாக விளையும் இடம் அது. அத்தாயி பேனாவோடு அவனை நிமிர்ந்து பார்த்தாள். "நெசமாத்தானுங்களா?"

"எழுதிக்கோ புள்ள."

மறுநாள் காலையில் அவன் கொட்டகையின் நான்கு மூலைக்கும் குச்சி நட்டான். கதவு கிழக்கே வைக்க வேண்டும் என்று பொன்னம்மாள் வாதாடிக்கொண்டிருந்தாள்.