நகராத கதவு

எனக்குப் பொறுமை கிடையாது. என் நாத்தனாரே பார்க்கிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிச் சிரிப்பாள். நாங்கள் இருவரும் ஒரே அலுவலகத்தில் கணினியில் இயந்திரம் வரைகிறோம். அவள் சேர்ந்து சில மாதம்தான் ஆகிறது, வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

எங்கள் வேலையில் முதலில் வருவது மூல வரைபடம். அது என் பொறுப்பு. மற்ற பாகங்கள் எல்லாம் அதிலிருந்துதான் அளவு எடுக்கும். மூலத்தில் ஒரு கோட்டை நகர்த்தினால் மொத்த இயந்திரமும் கூடவே நகரும். அன்று நான் எந்தக் கோட்டைத் தொட்டாலும் நாத்தனார் வரைந்த இயந்திரக் கதவு மட்டும் பிழை என்று திரையில் சிவந்து முரண்டு பிடித்தது. சனியன் என்று திட்டி, கதவுக்கும் மூலத்துக்கும் இருந்த தொடர்பைப் பூட்டினேன்; இனி மூலம் நகர்ந்தாலும் கதவு நகராது. அப்புறம் திறந்துகொள்ளலாம் என்று நினைத்தவள் சுத்தமாக மறந்துபோனேன்.

மறுநாள் மூலத்தில் கதவுக் கீலின் இடத்தை மாற்றினேன். எல்லாம் நகர்ந்தன, கதவைத் தவிர. பட்டறையில் தகடு முழுவதையும் வெட்டிய பிறகுதான் ஒரு கதவும் சட்டத்தில் பொருந்தவில்லை என்று தெரிந்தது.

கூட்டத்தில் மேலாளர் கதவை வரைந்தது யார் என்று கேட்டார். நாத்தனார் எழுந்தாள். அவளை நிரந்தரமாக்குவதை யோசிக்க வேண்டியிருக்கும் என்றார். எனக்கு வாயடைத்துப்போனது என்றால் பொய். நானேதான் அடைத்துக்கொண்டேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அந்தப் பாவம் என் நாற்காலியில் உட்கார்ந்து, தலையைக் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மதியம் அவள் படிக்கட்டில் சாப்பாட்டு டப்பாவோடு தனியாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்றும் தெரியாதவள் போல எப்படி நடந்தது என்று கேட்டேன். வெட்கங்கெட்டுத்தான் கேட்டேன்.

"கதவோட பேரு பக்கத்துல பூட்டுப் படம் இருந்துச்சு அண்ணி. வெட்ட அனுப்புறதுக்கு முன்னாடியே பாத்தேன்."

ஏன் திறக்கவில்லை என்றேன்.

"நீங்க போட்டதுன்னு தெரிஞ்சுச்சு. அண்ணி போட்டா அதுக்கு ஒரு காரணம் இருக்கும்னு விட்டுட்டேன். என்ன காரணம் அண்ணி?"

குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் சண்டை போட்டாவது தப்பித்திருப்பேன்.

"எரிச்சல்," என்றேன். "வேற ஒண்ணுமில்ல. கோபத்துல பூட்டினேன், மறந்துட்டேன்."

அவள் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தாள்.

"கூட்டத்துல எழுந்தப்ப உங்களத்தான் பாத்தேன். நீங்க சொல்லுவீங்கன்னு."

எழுந்து மேலாளர் அறைக்கு நடந்தேன். அவள் கூட வரவில்லை. வா என்று கூப்பிட எனக்கும் முகமில்லை.