இடது முன்சக்கரம்

கணபதிப் பகுதியில் பொழுது விடியுமுன்பே சுத்தியல் விழுந்துவிடும். லேத்துப் பட்டறைகளும் மோட்டார் காயில் கட்டுகிற கடைகளும் நெருக்கியடித்துக் கிடந்த அந்தச் சந்தின் நடுவில்தான் சீனிவாசலுவின் வண்டிப் பட்டறை. ஐப்பசி மழை இரவெல்லாம் பெய்து ஓய்ந்திருந்தது. தகரக் கூரையிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்த தண்ணீருக்குக் கீழே யூனுஸ் சாக்கை விரித்து மல்லாக்கப் படுத்தான். முதுகால் தேய்த்துத் தேய்த்து ஜீப்புக்கு அடியில் நுழைந்தான். சில்லென்று ஈரம் சட்டையைப் பிடித்தது. வால்பாறைச் செம்மண் கட்டிகட்டியாக முகத்தில் உதிர்ந்தது. மண்ணோடு ஒட்டி வந்த தேயிலைக் கொழுந்தொன்று உதட்டில் விழ, துப்பினான்.

அது பழைய ஜப்பான் ஜீப்பு. மலையில் ஒரு எஸ்டேட் முதலாளியுடையது. காட்டுப் பாதையென்றும் பார்க்காது, ஓடைத் தண்ணீரென்றும் பார்க்காது ஏறிப்போகிற வண்டி. இப்போது அதற்கு இடது முன்சக்கரத்தில் நோவு. சக்கரம் சுற்றுகிற வேகத்தைப் பார்த்து பிரேக்குக்குச் சேதி சொல்ல, விரல் தண்டியில் ஒரு சென்சார் உண்டு. அது செத்துவிட்டது. ஈரச் சாலையில் பிரேக்கை மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி பள்ளத்துப் பக்கம் இழுக்கிறது என்று சொல்லி, டிரைவர் சாவியைக் கொடுத்துவிட்டு பஸ் ஏறிப் போயிருந்தான்.

புதுச் சென்சார் பம்பாயிலிருந்து வந்து பென்ச்சின் மேல் பெட்டி பிரிக்காமல் இருந்தது. பழையது வெளியே வந்தால்தானே புதியது உள்ளே போகும்? மலை மழையில் ஊறித் துருவேறி, பழையது அச்சு முனையின் இரும்போடு இரும்பாக இறுகிப்போயிருந்தது. யூனுஸும் மாசாணமும் முந்தின நாள் முழுக்க எண்ணெய் விட்டு ஊறவைத்துப் பார்த்தார்கள். நெருப்புக் காட்டிப் பார்த்தார்கள். கடைசியில் தலை மட்டும் பிளாஸ்டிக்காகப் பிய்ந்து கையோடு வந்தது. உடம்பு உள்ளேயே நின்றுவிட்டது.

"அச்சு முனைய மொத்தமாக் கழட்டி பென்ச்சுல வெச்சுத்தான் எடுக்கோணும் பாய்" என்றான் மாசாணம். டிஸ்க்கையும் சக்கரக் குடத்தையும் கழற்றிச் சாக்கின்மேல் வைத்துவிட்டு, துருப்படிந்த கையை லுங்கியில் துடைத்தான். கோபிசெட்டிபாளையம் பக்கத்து வாழைத்தோட்டங்களில் பரம்பரையாகக் கூலிக்கு வளைந்த குடும்பம் அவனுடையது. யாருக்கும் துண்டை இடுப்பில் கட்டி நிற்கமாட்டேன் என்று பதினாறு வயதில் பஸ் ஏறியவன்.

"மொதலாளி வரட்டும். கேட்டுக்கலாம்" என்றான் யூனுஸ்.

சீனிவாசலு வெள்ளைச் சட்டையும் விபூதியுமாக வந்து இறங்கினார். ஊரில் கார்க் கம்பெனிகளே சர்வீஸ் நிலையம் திறந்த பிறகு அவருக்கு வண்டி குறைந்தது. அவருக்குக் குறைந்ததை அவர் ஆட்களின் கூலியில் குறைத்துக்கொண்டார். யூனுஸுக்குக் கொஞ்சம் அதிகமாகவே குறைத்தார். முந்தின வருசம் ஊரில் குண்டுகள் வெடித்ததற்குப் பிறகு அந்தப் பெயரைக் கேட்டதுமே பல பட்டறைகள் கையை விரித்திருந்தன. "நான் வெச்சிருக்கேன் பாரு" என்று வாரத்துக்கு ஒருமுறையாவது சொல்லிக்காட்ட மறக்கமாட்டார்.

"இன்னும் கழட்டலியா? மத்தியானம் எஸ்டேட்டுக்காரர் வாராரு."

"ஏனுங்க மொதலாளி, அச்சு முனைய அவுத்து எடுக்கோணுங்க. நாளைக்கி ஆயிருங்க" என்றான் யூனுஸ்.

"அடிச்சு வெளிய தள்ளுங்கடா. ஒரு சென்சாருக்கு ஒரு வாரமா?"

"அடிக்கிறதுன்னா வண்டி அசையுங்க. ஜாக்கியில சீல் போயிருச்சு, தானா எறங்குது. வண்டியத் தாங்கற ஸ்டேண்டு ரெண்டும் அந்த லாரிக்கு அடியில நிக்குதுங்க. லாரிய எறக்கிப்போட்டு..."

"லாரிக்காரனுக்கு நீயா பதில் சொல்லுவ? சுவத்தோரம் ஹாலோ பிளாக் கல்லு கெடக்குதில்ல? முட்டுக் குடு."

மாசாணம் நிமிர்ந்தான். "அது உள்ள ஓட்டையான கல்லுங்க. சுவரு கட்டறதுக்குச் செஞ்சது. வண்டி தாங்காதுங்க."

சீனிவாசலு அவனை மேலும் கீழும் பார்த்தார். "உங்கப்பன் சேத்துல ஏரு ஓட்டுனவன். நீ எனக்குக் கல்லுப் பாடம் நடத்தறயா? முடியலீன்னா சொல்லு, வாழைக்குக் களையெடுக்க ஆள் தேடறாங்களாம்."

பட்டறை ஓரத்தில் மண்ணெண்ணெய்த் தொட்டியில் கழற்றிய சாமான்களைக் கழுவிக்கொண்டிருந்த ராமாத்தாளின் கை ஒரு கணம் நின்றது. மண்ணெண்ணெய் தின்று வெளுத்த கை. பிறகு மீண்டும் பிரஷ் ஓடத் தொடங்கியது.

கல் வைத்தார்கள். மாசாணம் உள்ளே படுத்து, ஒடிந்த துண்டைப் பிளையரால் கவ்விப் பிடித்தான். யூனுஸ் வெளியிலிருந்து இரும்பு உளியை ஓட்டையில் வைத்து அடித்தான். ஒவ்வோர் அடிக்கும் துரு பொடிப்பொடியாகக் கொட்டியது.

"அசையுது பாய்! வருது, இன்னும் ஒண்ணு" என்று உள்ளிருந்து மாசாணம் கத்தினான். அந்தக் குரலில் சந்தோசம் இருந்தது. வேலை வசப்படுகிறபோது வேலைக்காரனுக்கு வருகிற சந்தோசம். யூனுஸ் சுத்தியலை ஓங்கினான்.

அப்பளம் நொறுங்குகிற மாதிரிதான் கேட்டது. கல் பொடியாகிச் சரிய, ஜாக்கி புஸ்ஸென்று அமுங்க, சக்கரமில்லாத அச்சு நேராகத் தரைக்கு வந்தது. மாசாணத்தின் வலது கை அதற்கும் சிமெண்டுத் தரைக்கும் நடுவில் இருந்தது.

அவன் கத்தவில்லை. மூச்சை உள்ளே இழுத்த சத்தம் மட்டும் கேட்டது. கத்தல் அதற்குப் பிறகு வந்தது. சந்து முழுக்க வந்தது.

யூனுஸ் பம்பரைப் பிடித்துத் தூக்கினான். ராமாத்தாள் வந்து தோள் கொடுத்தாள். அசையவில்லை. பக்கத்து லேத்துப் பட்டறையிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். ஒருவன் கடப்பாரையை பம்பருக்கு அடியில் நுழைத்தான்.

"டேய், கடப்பாரைய எடு! பம்பர் நசுங்கிரும்! கையாலயே தூக்குங்கடா!"

சீனிவாசலுவின் குரல்தான். ஒரு நொடி எல்லோரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். லேத்துக்காரன் அவரைப் பார்த்தபடியே கடப்பாரையில் தன் முழு எடையையும் போட்டு அழுத்தினான். பம்பர் நசுங்கியது. அச்சு எழும்பியது. யூனுஸ் மாசாணத்தை வெளியே இழுத்தான். கை இருந்த இடத்தில் என்ன இருந்தது என்று அவன் பிறகு யாரிடமும் சொன்னதில்லை. ராமாத்தாள் தன் முந்தானையைக் கிழித்துச் சுற்றினாள். ஆட்டோவில் ஏற்றும்போது, பிளையர் எங்கே, பிளையர் எங்கே என்று மாசாணம் கேட்டுக்கொண்டே இருந்தான்.

பெரியாஸ்பத்திரியில் மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். மிச்சத்தைக் காப்பாற்ற முடியுமா என்று பார்த்துத்தான் சொல்லவேண்டும் என்றார்கள். மாசாணத்தின் மனைவி பொற்கொடி, பனியன் கம்பெனி வேலையிலிருந்து அப்படியே வந்திருந்தாள். தலையில் பஞ்சுத் தூசி ஒட்டியிருந்தது. அழுதுமுடித்துச் சுவரோடு உட்கார்ந்திருந்தாள்.

சாயங்காலம் சீனிவாசலு வந்தார். ஒரு பை ஆரஞ்சுப் பழம் கொண்டுவந்தார். யூனுஸைத் தூணோரம் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"போலீஸ்காரர் எழுத வருவாரு. ரோட்டுல சைக்கிள்ல போறப்ப லாரி ஏத்திருச்சுன்னு சொல்லு. நம்ம பட்டறைன்னு வாயே தெறக்காதே. நான் நல்ல ஆஸ்பத்திரியில கொண்டுபோய் வெச்சுப் பாக்கறேன்."

"பட்டறையில நடந்ததுன்னு சொன்னா?"

"பாக்கமாட்டேன். அவனே தண்ணியப் போட்டுட்டு வந்து ஜாக்கிய எறக்கிப்போட்டான்னு நானே எழுதிக் குடுப்பேன்." அவர் யூனுஸின் தோளில் கை வைத்தார். பிரியமாக வைப்பது போலத்தான் இருந்தது. "உனக்குச் சொல்றேன் கண்ணு. நீ சாட்சி சொல்லப் போனா முதல்ல உன்ற பேரக் கேப்பாங்க. அப்பறம் உன்ற தம்பி பேரக் கேப்பாங்க. மாசாணத்தோட கேசு அங்கயே நின்னுபோகும். உன்ற கேசு ஆரம்பிக்கும்."

யூனுஸின் தம்பி சுஃப்யான் ஒரு தப்பும் செய்யாதவன். முந்தின வருசம் போலீஸ்காரர்கள் விசாரணைக்கென்று கூட்டிப்போய், பல நாள் கழித்து விட்டார்கள். இன்னும் அவன் வாசற்கதவு தட்டப்பட்டால் சமையற்கட்டுக்குப் போய் நின்றுகொள்கிறான்.

முதலாளி போனதும் யூனுஸ் கட்டிலருகே போய் நின்றான். மாசாணத்துக்கு அரை மயக்கம். உதடு வெடித்திருந்தது. ஆனாலும் எல்லாம் தெரிந்துதான் இருந்தது அவனுக்கு.

"ரோட்டுலன்னே சொல்லிப்போடுங்க பாய். உங்களுக்கெதுக்கு வம்பு."

பொற்கொடி எழுந்து வந்தாள். "ஏனுங்கண்ணா, நாஞ் சொல்றதக் கேளுங்க. நீங்க சொன்னா உங்கூட்டுக்கு எடஞ்சல்னு எனக்குத் தெரியுமுங்க. சொல்லுங்கன்னு நான் எந்த வாயில கேக்கட்டும்? ஆனா இவரு குடிச்சுப்போட்டு கைய நசுக்கிக்கிட்டாருன்னு நாளைக்கி என்ற புள்ளைக்கு யாராச்சும் சொன்னா, இல்லீன்னு சொல்ல நீங்க ஒருத்தர்தானுங்க இருக்கறீங்க."

போலீஸ்காரர் வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எங்கே நடந்தது என்றார்.

யூனுஸ் ஓரடி முன்னால் வந்தான்.

"பட்டறையில சார். சீனிவாசலு பட்டறை. ஓட்டைக் கல்ல முட்டு வெக்கச் சொன்னாரு. வேண்டாமுன்னு நாங்க சொன்னோம். அவன் குடிக்கறவனே இல்ல. அடிச்சது நான். என்ற கண்ணு முன்னால நடந்தது."

"உன் பேரு?"

"யூனுஸ்."

பேனா நின்றது. போலீஸ்காரர் தலையைத் தூக்கி அவனை நிதானமாகப் பார்த்தார். யூனுஸ் பார்வையைத் தாழ்த்தவில்லை. "அப்பா பேரு அப்துல் வஹீது. எழுதிக்குங்க சார்" என்றான்.

மறுநாள் காலை பட்டறைக்குப் போனபோது கதவடியிலேயே சீனிவாசலு நின்றிருந்தார். ஸ்டேசனிலிருந்து சேதி அதற்குள் அவருக்கு வந்திருந்தது.

"உள்ள வராதே. நீ வேணும்னு வெச்சவன் நான், வேண்டாம்னு அனுப்பறவனும் நான். உன்னமாதிரி ஆளுகளுக்கு எடங் குடுத்தேன் பாரு, என்னையச் சொல்லோணும்."

யூனுஸ் வாசலில், ஈர மண்ணில் உட்கார்ந்தான். உள்ளே ஜீப்பு நசுங்கிய பம்பரோடு சாய்ந்து கிடந்தது. கற்பொடியை யாரும் கூட்டவில்லை. அதன்மேல் ரத்தம் கறுத்துக் காய்ந்திருந்தது.

"அம்மணி, அதக் கழுவி உடு. ஆளுக வாறதுக்குள்ள" என்றார் சீனிவாசலு, ராமாத்தாளிடம்.

ராமாத்தாள் பிரஷ்ஷைத் தொட்டியில் போட்டாள். "கழுவமாட்டனுங்க" என்றாள்.

"என்ன?"

"இத்தன வருசம் நீங்க குடுத்ததையெல்லாம் கழுவுனனுங்க. இதக் கழுவமாட்டனுங்க." வெளியே வந்து யூனுஸுக்குப் பக்கத்தில், கிழிந்த முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"உக்காருங்க. நல்லா உக்காருங்க. ஊர்ல மெக்கானிக்குக்கா பஞ்சம்?" சீனிவாசலு போனை எடுத்தார்.

அரைமணி போல ஆகியிருக்கும். சாமான் பெட்டியைக் கேரியரில் கட்டிக்கொண்டு பிரான்சிஸ் வந்தான். சிங்காநல்லூர்ப் பக்கத்து மெக்கானிக், நல்ல வேலைக்காரன். இரண்டு மாதமாக நிரந்தர வேலை இல்லாமல் அலைகிறவன். வாசலில் இருந்தவர்களைப் பார்த்துத் தயங்கினான். அவர்கள் அவனைத் தடுக்கவுமில்லை, கூப்பிடவுமில்லை.

"வாப்பா, உள்ள வா. இடது முன்சக்கரம். சென்சார் பாதி வந்திருச்சு, ஒரு தட்டுத் தட்டுனா விழுந்துரும். முடிச்சுக் குடு, இங்கயே வேல" என்றார் சீனிவாசலு.

பிரான்சிஸ் பெட்டியோடு குனிந்தான். வெகுநேரம் குனிந்தே இருந்தான்.

"இது யாரு ரத்தமுங்க?"

"அது... ரோட்டுல அடிபட்ட ஆளு. இங்க கொண்டாந்து படுக்க வெச்சிருந்தோம்."

பிரான்சிஸ் ஒரு துண்டுக் கல்லை எடுத்து விரலால் அமுக்கினான். அது உதிர்ந்தது. கையைத் தட்டிக்கொண்டு எழுந்தான்.

"வண்டிக்கடியிலயே ரோடு போட்டிருக்கறீங்களாங்க?"

"உனக்கு வேல வேணுமா, வேண்டாமா?"

"வேணுமுங்க. ஊட்ல ரெண்டு நாளா கஞ்சிதானுங்க. அதுக்காக இந்த எடத்துல நான் படுக்கமாட்டனுங்க. படுத்தா அடுத்தது என்ற கை."

அவன் பெட்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தான். ராமாத்தாள் நகர்ந்து இடம்விட்டாள். யூனுஸ் அவனைத் திரும்பிப் பார்த்தான்.

"என்ன கேக்கறீங்க அவருகிட்ட?" என்றான் பிரான்சிஸ்.

"பட்டறையில நடந்ததுன்னு ஒத்துக்கோணும். கை ஆறுற வரைக்கும் வைத்தியமும் கூலியும் குடுக்கோணும். ஸ்டேண்டு இல்லாம ஒருத்தரும் வண்டிக்கடியில போகமாட்டோம்" என்றான் யூனுஸ்.

"எங்க பக்கமும் எந்தப் பட்டறையில ஸ்டேண்டு இருக்குது? எல்லாங் கல்லுதான்" என்று சொல்லிப் பிரான்சிஸ் மண்ணில் சம்மணம் போட்டான்.

சீனிவாசலு கதவின் நடுவில் நின்று போலீஸைக் கூப்பிடுவேன் என்று கத்தினார். கூப்பிடுவார். அவர்களும் வருவார்கள். வீட்டில் சுஃப்யான் சமையற்கட்டுக்குப் போய் நிற்பான். எல்லாம் தெரிந்துதான் யூனுஸ் அங்கே உட்கார்ந்திருந்தான்.

அப்போது பக்கத்துப் பட்டறையில் லேத்து சுற்றுவது மெல்லக் குறைந்து நின்றது. நேற்றுக் கடப்பாரை போட்டவன், எண்ணெய்க் கையோடு வெளியே வந்து அவர்களுக்குப் பின்னால் உட்கார்ந்தான். எதிர்ப் பட்டறையில் வெல்டிங் வெளிச்சம் அணைந்தது. அதற்கடுத்த கடையில் சுத்தியல் நின்றது. ஒவ்வொரு சத்தமாக நின்று நின்று, பொழுது நன்றாக ஏறிவிட்ட அந்த வேளையில், கணபதிச் சந்தில் சீனிவாசலுவின் குரல் மட்டும் தனியாகக் கேட்டது.