வாணலியின் அடி

அந்த வீட்டில் அவளுக்குப் பெயர் புதுசு. கல்யாணம் ஆன வாரத்தில் நாத்தனார் அப்படிக் கூப்பிட ஆரம்பித்தாள். இரண்டு வருஷம் ஓடியும் அவள் பழசாகவில்லை. புருஷன் சரக்குக் கப்பலில் எஞ்சினியர். வருஷத்தில் ஒன்பது மாதம் கடல், மூன்று மாதம் வீடு, அதிலும் பாதியைத் தூங்கியே தீர்ப்பான். மூன்றாவது மாடியில் இரண்டு அறை, ஒரு சமையலறை, துணி காயப்போட ஒரு பால்கனி. மற்ற நாளெல்லாம் அதற்குள் புதுசும் நாத்தனாரும்தான்.

நாத்தனாரைக் கெட்டவள் என்று யாரும் வாய் கூசாமல் சொல்லிவிட முடியாது. புதுசுக்குக் காய்ச்சல் வந்தால் விடிய விடிய நெற்றியில் ஈரத்துணி மாற்றுவாள். ஆனால் புதுசு செருப்பில் கால் நுழைத்தால் போதும், எங்கே என்று கேட்டுவிடுவாள். மருந்துக் கடைக்கா, இரு, நானும் வருகிறேன். தபால் நிலையத்துக்கா, எனக்கும் அங்கே வேலை இருக்கிறதே. இரண்டு வருஷத்தில் புதுசு தனியாகப் போன ஒரே இடம் குளியலறை. அங்கேயும் கால் மணி தாண்டினால் கதவு தட்டப்படும்.

இந்தப் பெண் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு பெரிய ஹோட்டலில் நாலு வருஷம் அடுப்படியில் நின்றவள். இத்தாலியச் சமையல் பிரிவு, அதிலும் சாஸ் அவள் பொறுப்பு. ஏழெட்டு வாணலி ஒரே நேரத்தில் சீறும், ஆளாளுக்குக் கத்துவார்கள், அத்தனை அமளியிலும் அவள் கை பதறாது. இப்போது நினைத்தால் அன்றைக்கு எந்த வேலையும் ஓடாது. அதனால் நினைப்பதையே குறைத்துக்கொண்டாள்.

இறைச்சிக் கடையில்தான் ஒரு வழி பிறந்தது. கோழித் தொடைக்கறியைத் தோலோடு கொடுங்கள் என்று அவள் கேட்டதும், பின்னால் நின்ற அம்மாள் காதைத் தீட்டிக்கொண்டாள். தெருமுனையில் பன்னிரண்டு மேசை போட்டு ஹோட்டல் நடத்துகிறவள். சமையல்காரன் சொல்லாமல் கொள்ளாமல் கம்பி நீட்டிய கடுப்பில் இருந்தாள். தோல் எதற்கு என்று அவள் கேட்க, புதுசு சொல்ல, பேச்சு வளர்ந்தது. ஒரு தட்டு சமைத்துக் காட்டு, எனக்குப் பிடித்தால் திங்கட்கிழமையே வேலைக்கு வா என்றாள் ஹோட்டல்காரம்மா. முன்பின் தெரியாத இடத்துக்கு எப்படி அனுப்புவது, நீங்களே வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் பாருங்கள் என்று கூடவே நின்ற நாத்தனார் சிரித்த முகமாகச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு மணி என்று முடிவாயிற்று.

நாத்தனாரே சம்மதித்துவிட்டாள் என்பதை நம்பவே புதுசுக்கு ஒரு நாள் ஆனது. அந்த வாரத்தில் இரண்டு தடவை அதே கறியைச் சமைத்துப் பார்த்தாள். நாத்தனார் கதவில் சாய்ந்துகொண்டு கடைசிவரை பார்த்தாள். இரண்டு தடவையும் தட்டை வழித்துச் சாப்பிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்கு, ஈரம் போகத் துடைத்த நாலு கறித்துண்டுகளில் உப்பும் மிளகும் தடவி, கனத்த வாணலியில் தோல் கீழே இருக்கும்படி வைத்தாள். அப்புறம் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்; பொறுக்காமல் புரட்டினால் தோல் கிழியும். கொழுப்பு உருகி, தோல் செம்பு நிறமாகி, துண்டுகள் தாமாகவே வாணலியை விட்டன. திருப்பிப் போட்டு வேகவைத்துத் தட்டுக்கு மாற்றினாள். வாணலியின் அடியில் பழுப்பாக ஒரு படலம் ஒட்டிக்கொண்டிருந்தது. பார்க்கிறவர்களுக்கு அது அடிப்பிடித்த பாத்திரம். சமைக்கிறவளுக்கு அதுதான் சாஸ். பூண்டை நசுக்கிப் போட்டு, கோழி எலும்பு வேகவைத்த சாற்றை ஊற்றினால் அந்தப் படலம் சீறிக்கொண்டு கரையும். மரக்கரண்டியால் சுரண்டிக் கொடுத்து, பாதியாக வற்றவிட்டு, எலுமிச்சையும் வெண்ணெயும் சேர்த்து இறக்கினால் பளபளவென்று கறியின் மேல் வழியும். விருந்தாளி வந்து உட்காரும்போது செய்தால் போதும் என்று அடுப்பை அணைத்தாள்.

அந்த நேரம் பார்த்து நாத்தனார் கைப்பேசியை நீட்டினாள். தம்பி கப்பலிலிருந்து பேசுகிறான், பால்கனியில்தான் சரியாகக் கேட்கும், போ என்றாள். புருஷன் நல்லபடியாகச் சமைக்கச் சொன்னான். பன்னிரண்டே முக்காலுக்குக் கூப்பிடு, அவள் சந்தோஷப்படுவாள் என்று அக்கா செய்தி அனுப்பியிருந்தாளாம். நாத்தனாருக்குத்தான் எவ்வளவு கரிசனம் என்று புதுசு நெகிழ்ந்துபோனாள். வேலை கிடைத்தாலும் அக்கா தனியாக இருப்பாளே, அதையும் யோசித்துக்கொள் என்று அவன் வழக்கமான பாட்டைப் பாடினான். எல்லாமாக எட்டு நிமிஷம் ஆகியிருக்கும்.

திரும்பி வந்தபோது வாணலி முகம் பார்க்கலாம் போலப் பளிச்சென்று கவிழ்ந்திருந்தது.

நாத்தனார் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "அடிப்பிடிச்சுக் கெடந்துச்சும்மா. வர்றவங்க பார்த்தா என்ன நினைப்பாங்க? நல்லா தேச்சு வெச்சுட்டேன்."

புதுசு கவிழ்ந்திருந்த வாணலியை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். யாரைக் குற்றம் சொல்ல? அழுக்குப் பாத்திரத்தைக் கண்டால் நாத்தனாருக்கு உடம்பு அரிக்கும் என்று தெரியாதா? கையை வைக்காதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். கறியை மறுபடி வாணலியில் போட்டால் சக்கையாகிவிடும். வேறு கறி இல்லை. அதற்குள் அழைப்பு மணி அடித்தது. எலும்புச் சாற்றையும் தட்டில் வடிந்திருந்த கொஞ்சத்தையும் வாணலியில் ஊற்றி, பூண்டும் எலுமிச்சையும் வெண்ணெயும் போட்டு என்னென்னவோ செய்து பார்த்தாள். வெளிறிப்போய் ஒன்று வந்தது. வேறு வழியில்லாமல் அதையே ஊற்றிக் கொண்டுபோய் வைத்தாள்.

ஹோட்டல்காரம்மா முதலில் கறியைச் சாப்பிட்டாள். தோல் முறுகின பக்குவத்துக்குத் தலையை ஆட்டினாள். சாஸை மட்டும் தனியாக ஸ்பூனில் எடுத்து நாக்கில் வைத்ததும் நிமிர்ந்து பார்த்தாள்.

"கறி பிரமாதம். சாஸ் ஒட்டாம தனியா நிக்குது. வாணலி அடியை என்ன பண்ணினே?"

நாத்தனார் எதிர் நாற்காலியில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். வெளி ஆள் முன்னால் வீட்டு மனுஷியைக் காட்டிக்கொடுக்க புதுசுக்கு நாக்கு எழவில்லை.

"நான்தாங்க கழுவிட்டேன். ஏதோ ஞாபகத்துல."

ஹோட்டல்காரம்மா ஸ்பூனைக் கீழே வைத்தாள். கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தாலாவது பரவாயில்லை. "மத்த எதை மறந்தாலும் சொல்லிக் குடுத்துக்கலாம். அதை மறக்கிற கையில என் அடுப்பை எப்படிம்மா விடுவேன்?" என்றாள். தண்ணீர் குடித்துவிட்டு, இரண்டு பேருக்கும் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

நாத்தனார் அவளை வாசல் வரை கொண்டுபோய் விட்டு வந்தாள். மிச்சமிருந்த துண்டில் ஒரு வாய் பிய்த்துச் சாஸில் தொட்டுச் சாப்பிட்டாள்.

"முன்ன பண்ணின மாதிரி இல்ல. மரக்கரண்டியால அடியைச் சுரண்டிச் சுரண்டி எடுப்பியே, அதுலதான் அவ்வளவு ருசியும் இருந்துச்சு."

புதுசு மெதுவாகத் திரும்பினாள். "தெரிஞ்சுதான் கழுவினீங்களா அக்கா?"

நாத்தனார் மழுப்பவில்லை. கண் கலங்கியிருந்தது. "தெரிஞ்சுதான். நீ வர்றதுக்கு முன்னாடி ஏழு வருஷம் இந்த வீட்டுல சுவரோட பேசிட்டிருந்தேன். மறுபடியும் என்னால முடியாதும்மா."

கோபமும் பரிதாபமும் சேர்ந்துதான் வந்தன, கோபம் முந்திக்கொண்டது. இப்போதே போய் ஹோட்டல்காரம்மாவிடம் நடந்ததைச் சொல்லப்போகிறேன் என்று புதுசு எழுந்தாள்.

"போய்ச் சொல்லு, நான் தடுக்கல. ஆனா நான்தான் கழுவினேன்னு நீயே சொல்லிட்டியே. இப்போ மாத்திச் சொன்னா, வேலை போச்சேன்னு வீட்டுப் பெரியவ மேல பழி போடறான்னுதான் அந்தம்மா நினைப்பாங்க."

குத்திக்காட்டுவதற்காகச் சொன்ன மாதிரி இல்லை. உள்ளதைத்தான் சொன்னாள். ஹோட்டல்காரம்மா அந்தக் கேள்வியைக் கேட்டு, பதிலுக்காக அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த அந்த ஒரு நொடிதான் புதுசுக்குக் கிடைத்த வாசல். அதையும் மரியாதை பார்த்து அவளே சாத்தியிருந்தாள். எழுந்தவள் எங்கே போவது என்று தெரியாமல் மேசைக்குப் பக்கத்திலேயே நின்றாள்.

நாத்தனார் தட்டை அவள் பக்கம் தள்ளினாள். "ஆறிடப்போகுது, சாப்பிடு."

காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. வயிற்றுக்கு ஏது மானம்? புதுசு உட்கார்ந்து சாப்பிட்டாள். கறி நன்றாகத்தான் வெந்திருந்தது.