ஒரு ரோல் எடுத்துப் பார்க்காமல்

புத்தளம் உப்பளத்தின் ஓரமாய் வான் வண்டி வந்து நின்றபோது கிழக்கு அப்போதுதான் வெளுத்துக்கொண்டிருந்தது. நிலாப்தீன் நானா இறங்கி, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, பின் ஆசனத்தில் துவாயால் சுற்றி வைத்திருந்த கமெராவை எடுத்தார். தேவராசா இறங்கவில்லை. கதவைத் திறந்து காலை மட்டும் வெளியே தொங்கப்போட்டபடி, யாரோ வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி இருந்தார். சத்தியபாமா அவரைப் பார்த்தாள், பிறகு உப்புப் பாத்திகளைப் பார்த்தாள். ஐயோ, எவ்வளவு பறவைகள்! தூரத்தில் பூநாரைகள் ஒரு வரிசையாய் நிற்க, கிட்டத்து வரம்புகளில் சின்னச் சின்ன உள்ளான்கள் சேற்றைக் கொத்திக்கொண்டு ஓடித் திரிந்தன. இவ்வளவையும் கண்ணுக்கு முன்னால் கொண்டுவந்து வைத்தும் மனுசன் வானைவிட்டு இறங்கவில்லையே என்று அவள் மனதுக்குள் ஏசினாள்.

உள்ளதைச் சொன்னால், சத்தியபாமாவுக்குப் பறவை என்றாலே ஆகாது. கலியாணம் முடித்த பதினெட்டு வருசத்தில் ஒரு விடுமுறைக்கென்றாலும் நிம்மதியாய் ஊருக்குப் போயிருப்பாளா? பேராதனைப் பல்கலைக்கழகத்தில் அவர் வேலை செய்கிற விலங்கியல் ஆய்வுகூடம் பூட்டினால் போதும், மனுசன் அவளையும் தேநீர்ப் போத்தலையும் தூக்கிக்கொண்டு மன்னார், அம்பாந்தோட்டை, புத்தளம் என்று கடற்கரை கடற்கரையாய்ப் பறவைப் படம் எடுக்க அலைவார். போன இடத்திலாவது வாய் திறந்து கதைக்க விடுவாரா? அதுவும் இல்லை. காப்பு சத்தம் போட்டால் “உஷ்”, இருமினால் “உஷ்”, சேலை காற்றில் அடித்தாலும் “உஷ்”. “இந்த மனுசன் என்னைக் கட்டாமல் ஒரு உள்ளானைக் கட்டியிருக்கலாம்” என்று தன் தங்கைக்கு எத்தனை கடிதம் எழுதியிருப்பாள்! கமெராவை அவளிடம் ஒரு தரமாவது தொடக் கொடுத்ததும் கிடையாது.

பிறகு எண்பத்து மூன்று ஆடி வந்தது, தமிழர் வீடுகளைத் தேடித் தேடி எரித்த கலவரம் வந்தது. கட்டுகஸ்தோட்டைப் பக்கம் அவர்கள் வாடகைக்கு இருந்த வீடு ஒரு பின்னேரத்துக்குள் எரிந்து முடிந்தது. அவர் பதினைந்து வருசமாய் எடுத்த ஸ்லைட்டுகள் எல்லாம், பிஸ்கற் பேணிகளில் பேர் எழுதி அடுக்கி வைத்தபடியே, உருகி ஒரே கட்டியாய்ப் போயின. அவர்கள் இரண்டு பேரும் தப்பியது நிலாப்தீன் நானாவால். கண்டியில் மணிக்கூடும் கமெராவும் திருத்துகிற கடை வைத்திருக்கிற மனுசன், கேள்விப்பட்ட உடனே வானைக் கொண்டுவந்து, தன் மனைவி மஸீனாவின் முக்காட்டைச் சத்தியபாமாவின் தலையில் போட்டு, தேவராசாவின் தலையில் தன் தொப்பியை வைத்து, அக்குறணையில் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். பதினைந்து மாதமாய் அந்த வீட்டு மேல்மாடி அறைதான் அவர்களுக்கு வீடு. வெள்ளிக்கிழமை இவர்கள் மரக்கறி என்று அறிந்த நாளிலிருந்து மஸீனா ஒரு புதுச் சட்டியை வாங்கித் தனியாய்க் கவிழ்த்து வைத்திருக்கிறாள். அதில் வேறு யாரும் ஒரு முட்டைகூட அவித்தது கிடையாது. அந்தச் சட்டியைக் காணும்போதெல்லாம் சத்தியபாமா, இந்தக் கடனை எந்தப் பிறவியில் தீர்ப்பது என்று நினைப்பாள்.

உயிர் தப்பியது, கூரை கிடைத்தது, வேலையும் போகவில்லை. மனுசன்தான் திரும்பிவரவில்லை. காலையில் பேராதனைக்கு பஸ் ஏறுவார், மாலையில் வந்து யன்னலோரக் கதிரையில் இருப்பார். “ஓம்”, “வேண்டாம்”, “பிறகு பாப்பம்” என்ற மூன்றுக்கு மேல் வாயிலிருந்து ஒன்றும் வராது. ஒருநாள் அவள் வேண்டுமென்றே தேநீரில் உப்பைப் போட்டுக் கொடுத்தாள். ஏசுவார் என்று படிக்கட்டின் கீழே காத்து நின்றாள். பாவி மனுசன், அதையும் குடித்துவிட்டுக் கோப்பையைக் கழுவி வைத்திருந்தார். அன்றைக்கு அவள் குளியலறைக்குள் போய் நின்று அழுதாள்.

கமெரா மட்டும் எரியவில்லை. ஷட்டர் இறுகிப்போனதென்று கலவரத்துக்கு நாலு நாள் முன்தான் நானாவின் கடையில் கொடுத்திருந்தார். நானா அதைத் திருத்தி வைத்துக்கொண்டு எத்தனையோ தரம் நீட்டிப் பார்த்தார். “வேண்டாம் நானா, வித்துப்போடுங்கோ” என்பதுதான் பதில். கடைசியில் கொழும்பில் ஒரு ஆள் கேட்டிருக்கிறார், திங்கட்கிழமை வந்து எடுக்கப்போகிறார் என்று ஆனது. அது கைமாறிப் போனால் மனுசனும் அதோடு போய்விடுவார் என்று சத்தியபாமா பயந்தாள். மஸீனாவிடம் சொன்னாள். மஸீனா நானாவிடம் என்ன சொன்னாளோ தெரியாது, அன்றிரவுச் சாப்பாட்டில் நானா தொண்டையைச் செருமினார்.

“ஒரு ரோல் எடுத்துப் பாக்காம கெமராவ வெளிய குடுக்கிற பழக்கம் எங்கட கடையில இல்ல, சேர். இருபத்தஞ்சு வருசமா இல்ல. நாளைக்கி புத்தளத்துக்கு எங்கட தங்கச்சியப் பாக்கப் போறேன். நீங்களும் வந்து எடுத்துப் பாத்துத் தாங்க.”

திருத்துகிறவனின் கடைச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டுத் தேவராசா தலையை ஆட்டிவிட்டார். அப்படித்தான் வந்து சேர்ந்தார்கள்.

வந்து என்ன? சூரியன் கிளம்புகிறது, மனுசன் இறங்குகிறார் இல்லை. “சேர்?” என்று நானா இரண்டு தரம் கேட்டார். “நீங்களே எடுங்கோ நானா” என்றார் தேவராசா. சரியென்று நானா கமெராவோடு வரம்பில் இறங்கி நடந்தார். சேற்றில் அவருடைய செருப்பு சளக் சளக்கென்று அடித்த அடியில் முன்னாலிருந்த நாலு பாத்திப் பறவைகளும் எழும்பிப் போய்த் தூர இறங்கின. அவர் நின்று இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

“தங்கச்சி, எனக்கு இது ஏலா. நான் கெமராவத் திறந்து பாக்கிற ஆள், அதுக்குள்ளால பாக்கிற ஆளில்ல. எங்கட மகள்ட கலியாணத்தில நான் எடுத்த படத்தில ஒருத்தருக்கும் தலை இல்ல. நீங்களாவது எடுங்க.”

சத்தியபாமா வாங்கினாள். நீட்டு லென்ஸோடு அது இவ்வளவு கனக்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. இதை வைத்துக்கொண்டா மணித்தியாலக் கணக்கில் ஆடாமல் அசையாமல் கிடந்தார்? செருப்பைக் கழற்றிவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வரம்பில் நடந்தாள். உள்ளான்கள் தெரிகிற இடத்தில் முழங்காலில் இருந்தாள், அது போதாதென்று குப்புறப் படுத்தாள். நாற்பத்திரண்டு வயதில், பிள்ளை பெறாத பெரிய உடம்போடு, உப்புச் சேற்றில்! பேராதனைப் பக்கத்துப் பெண்டுகள் பார்த்தால் என்ன சொல்வார்கள் என்று சிரிப்பும் வந்தது. கண்ணை வைத்தாள். ஒன்றும் தெரியவில்லை. வெளிச்சம் கண்ணுக்குள் குத்தியது. எதையோ திருகினாள், இன்னும் மோசமானது. காப்பு லென்ஸில் கிளிங்கென்று பட்டது.

“உஷ்!”

அவளுக்கு உடம்பு முழுக்கச் சிலிர்த்தது. திரும்பவில்லை. திரும்பினால் அது போய்விடும் என்று பட்டது.

“சூரியனுக்கு நேரை பிடிச்சால் என்ன தெரியும் உமக்கு? அங்காலை திரும்பும். எழும்பாதையும்! எழும்பினால் எல்லாம் பறந்துபோம். படுத்தபடி திரும்பும். ஐயோ, லென்ஸ் சேத்துக்கை முட்டுது!”

பதினைந்து மாதம். ஒரு மூச்சில் இவ்வளவு சொல்! நல்லூர்க் கந்தா, இந்த ஏச்சுக்கு உனக்கு என்ன வைப்பேன் என்று அவள் மனதுக்குள் கும்பிட்டாள். கண்ணீர் மூக்கால் வழிந்தது, துடைக்கக் கை ஒழியவில்லை. சொன்னபடி தவழ்ந்து திரும்பியபோது, தேவராசா வெள்ளைச் சேர்ட்டோடு வரம்பில் முழங்காலும் கையுமாய் ஊர்ந்து வந்து அவளுக்குப் பக்கத்தில் படுத்திருந்தார். வானடியில் நானா தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு வேறு எங்கோ பார்த்தபடி நின்றார்.

“இந்தாங்கோ, பிடியுங்கோ” என்று சத்தியபாமா கமெராவை அவர் பக்கம் தள்ளினாள்.

அவர் வாங்கவில்லை. வலது கையை அவளுக்கு முன்னால் நீட்டிப் பிடித்தார்.

“பாரும்.”

விரல்கள் ஐந்தும் நடுங்கின. குளிரில் நடுங்குகிற நடுக்கம் இல்லை. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு நிறுத்தப் பார்த்தார், அது கூடியது.

“அண்டைக்கு வீடு எரிஞ்சதிலயிருந்து இப்பிடித்தான் பாமா. கமெரா வேண்டாமெண்டில்லை. என்ரை கை நிக்குதில்லை.”

அவள் தேநீர் கொண்டுவந்தால், அவள் படி இறங்கும் வரைக்கும் கோப்பையைத் தொடாமல் இருந்தது ஏன் என்று இப்போது விளங்கியது. தானே சவரம் செய்கிற மனுசன் அக்குறணைச் சந்தியில் சலூனுக்குப் போகத் தொடங்கியதும் விளங்கியது. துக்கம் என்று நினைத்தாள், கோபம் என்று நினைத்தாள், சில நாளில் தன்னைப் பிடிக்காமல் போய்விட்டதோ என்றும் நினைத்தாள். ஒரே அறையில் படுத்துக்கொண்டு இதைக் கவனிக்கவில்லையே, என்ன பெண்சாதி நான்!

“ஏனப்பா எனக்குச் சொல்லேல்லை?”

“என்னத்தைச் சொல்லுறது? நீரும் பயந்துபோவீர்.”

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாய் வந்தன. இந்த இடத்தில் வைத்து அவரைப் பிடித்து உலுப்ப வேண்டும் போல் இருந்தது. ஆனால் கமெரா கையில் இருந்தது, உள்ளான்கள் மெல்ல மெல்லத் திரும்பி வந்துகொண்டிருந்தன.

“அப்ப சொல்லுங்கோ. நான் அமத்திறன்.”

“உமக்குத் தெரியாது.”

“தெரியாதெண்டுதானே கேக்கிறன். ஏசுங்கோ, ஏசுறபடி செய்யிறன்.”

ஏசினார். முழங்கையை ஊன்றத் தெரியாததற்கு ஏசினார், வளையத்தை அளவுக்கு மிஞ்சித் திருகியதற்கு ஏசினார். “பறவையின்ரை கண்ணைப் பாரும். கண் தெளிவா இருந்தால் மிச்சம் தானா வரும்.” அவள் ஒன்றை அவசரப்பட்டு அமத்திவிட்டபோது, “பதினெட்டு வருசமா இதே அவசரம்” என்று பழைய கணக்கும் எடுத்தார். அவள் எல்லாவற்றுக்கும் ஓம், ஓம் என்றாள். நடுவில் அவர் தன்னை மறந்து, எங்கேயோ பனி நாட்டிலிருந்து இந்தச் சின்ன உயிர் வருசா வருசம் இந்தப் பாத்திக்கு வருகிறது, ஒரு கைப்பிடிகூட இல்லை பாரும் என்று சொல்லத் தொடங்கினார். அவள் கேட்டுக்கொண்டே அமத்தினாள். தலை இருந்ததோ இல்லையோ, ரோலின் முப்பத்தாறு படத்தில் முப்பத்தைந்து எடுத்தாயிற்று.

“ஒண்டுதான் மிச்சம்” என்றார். “அவசரப்படாதையும்.”

ஒரு உள்ளான் கூட்டத்தை விட்டுப் பிரிந்து அவர்கள் பக்கமாய் வந்தது. நாலு அடி ஓடும், நிற்கும், சேற்றைக் குத்தும். வளையத்தைத் திருகத் திருக, முதுகு இறகின் ஓரத்தில் வெயில் பிடித்திருந்தது தெரிந்தது.

“மூச்சைப் பிடியும். நான் சொல்லுமட்டும் விடாதையும்.”

அவள் மூச்சுப் பிடித்திருக்கிறாளா என்று பார்க்க அவர் தன் கையைக் கொண்டுவந்து அவள் முதுகில் வைத்தார். அந்தக் கை வைத்த இடத்திலும் நடுங்கியது. சட்டைத் துணியைத் தாண்டி, தோளுக்கும் முழங்கைக்கும் வந்து, லென்ஸுக்குள் நின்ற உள்ளானும் சேர்ந்து மெல்ல நடுங்கியது. கையை எடுங்கோ என்று அவள் சொல்லவில்லை. முழங்கைகளைச் சேற்றில் இன்னும் ஆழமாய் அழுத்திக்கொண்டாள். உள்ளான் தலையைத் திருப்பி அவளை நேராய்ப் பார்த்தது.

“இப்ப” என்றார் தேவராசா.