ஈயம் காய்ச்சும் கணவர்

என் கணவருக்குக் காப்பீட்டு அலுவலகத்தில், யாருக்கு எப்போது என்ன ஆபத்து வரும் என்று மதிப்பிடுகிற வேலை. வீட்டுக்கு வந்தால், ஏரியில் வாத்து சுடுவதற்காக ஈயம் காய்ச்சுகிறார். கடைத் தோட்டாவுக்கு வாத்து விழாதாம். தோட்டாவுக்குள்ளே போடும் ஈயக் குண்டுகளை நாமே செய்தால்தான் விழுமாம். இரண்டு வருடமாகச் செய்கிறார். ஏரி வாத்துகள் சௌக்கியமாக இருக்கின்றன.

சக்கரத்தில் எடை சமன் செய்ய ஒட்டி, டயர் கடையில் கழித்துப்போட்ட ஈயத் துண்டுகளை மூட்டையாகக் கொண்டுவருவார். கார் கொட்டகையில் உருக்கி, சோப்புத் தண்ணீரில் சொட்டுச் சொட்டாக விடுவார். பாதி குண்டுகள் வால் முளைத்துத் தலைப்பிரட்டை மாதிரி வரும். பிறகு என் அலமாரிக் கண்ணாடியைக் கழற்றிச் சாய்த்து வைத்து உருட்டிப் பார்ப்பார். நேராக ஓடுவது நல்ல குண்டு. கோணிக்கொண்டு போவது மறுபடி சட்டிக்கு. முகமூடி, கையுறை, முடிந்ததும் குளியல் என்று தன் உடம்பைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்வார். கொட்டகையைப் பெருக்குவதும் கழற்றிப்போட்ட சட்டையைத் துவைப்பதும் என் தலையில்.

அந்தச் சமயத்தில் என் தங்கை கைக்குழந்தையோடு ஒரு மாதம் தங்க வருவதாக இருந்தது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அந்தக் குழந்தையை நான் போனில்தான் பார்த்திருக்கிறேன். தொட்டில்கூட வாங்கிவிட்டேன். தங்கைக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஈயம் என்றதுமே பிடித்துக்கொண்டாள்.

"குழந்தைக்கு ஈயம் விஷம். ரெண்டு பேரும் ரத்தம் குடுத்து ஈயம் எவ்வளவு இருக்குன்னு பாருங்க. சரியா இருந்தாத்தான் குழந்தையக் கொண்டு வருவேன்."

"முகமூடி இல்லாம ஒரு நாள் நின்னிருப்பேனா? உங்கக்காவையே கேளு!" என்று இவர் குதித்தார்.

அவருடைய முடிவு சரியாகவே இருந்தது. முதல் மார்க் வாங்கினவர் மாதிரி தாளை ஆட்டிக்கொண்டு வீடெல்லாம் நடந்தார். தங்கைக்குப் போன் போட்டு, "டிக்கெட் எடு" என்றார்.

"அக்காவோடதப் பாத்தீங்களா, மாமா?"

பார்த்தார். அவருடையதைப் போல மூன்று மடங்கு.

"நீதான் ஈயத்தத் தொட்டதே இல்லையே! எதத் தொட்ட?"

"உங்க சட்டைய."

தங்கை என்னிடம் தனியாகப் பேசினாள். "குழந்தை அங்க வராதுக்கா. நீ இங்க வந்துடு. முதல்ல டாக்டரப் பாப்போம். அந்த வீட்டுத் துணி எதையும் எடுத்துட்டு வராத."

எனக்கு அழுகையாக வந்தது. குழந்தையைத் தூக்கப்போகிறோம் என்ற சந்தோஷமும் அதிலேயே கலந்திருந்தது. கைப்பையை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அவர் பின்னாலேயே வாசல் வரை ஓடிவந்தார். பாவம், மன்னிப்புக் கேட்கத்தான் வருகிறார் என்று மனசு இளகி நின்றேன்.

"அப்ப என் சட்டையெல்லாம் யாரு துவைக்கறது?" என்றார்.