பதினொரு பேருக்கு மேல் வேண்டாம்

வலயக் கல்விக் கந்தோரிலிருந்து வந்த கடிதத்தின் தலைப்பு நன்றாகத்தான் இருந்தது: ‘மாணவர் கற்றல் அடைவை மேம்படுத்தும் திட்டம்’. இரண்டு பந்தி தள்ளி, நிதி போதாமையால் அந்தத் திட்டத்தில் வேலை செய்யும் வாசிப்பு ஆசிரியர்களில் பாதிப் பேரைக் குறைக்கப்போவதாக எழுதியிருந்தது. மேம்படுத்துவதும் குறைப்பதும் ஒரே கடதாசியில், ஒரே கையெழுத்தின் கீழ் ஒற்றுமையாக இருந்தன. அதிபர் இராசமலர் அதை மூன்று முறை வாசித்தார். மூன்றாம் முறைதான் முழுதாக விளங்கியது.

விஷயம் இதுதான். வியாழக்கிழமை ஓர் அதிகாரி வந்து மூன்றாம், நாலாம், ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்வார். அரைவாசிக்கு மேற்பட்ட பிள்ளைகள் வாசித்தால் அந்தப் பாடசாலை இலக்கை அடைந்துவிட்டது. இலக்கை அடைந்த பாடசாலைக்கு இனி வாசிப்பு ஆசிரியர் எதற்கு? மாதக் கடைசியோடு அவரை வேறிடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். காய்ச்சல் குறைந்துவிட்டது என்று மருந்துப் போத்தலைப் பறிக்கிற வேலை இது. அதைச் சுற்றறிக்கையாக அடித்து அனுப்பவும் ஒருவருக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

கிளிவெட்டியிலிருந்து உள்ளே திரும்பி, வயல்வெளிக்குள் ஆறு கிலோமீற்றர் போனால் வரும் சின்னப் பள்ளிக்கூடம் அது. அந்த மூன்று ஆண்டுகளிலும் சேர்த்து இருபத்துமூன்று பிள்ளைகள். தை மாதத்தில் அவர்களில் ஐந்து பேருக்குத்தான் ஒரு பந்தியை வாசிக்கத் தெரிந்திருந்தது. மற்றவர்கள் கரும்பலகையில் உள்ளதை அச்சுப் பிசகாமல் கொப்பியில் எழுதுவார்கள். எழுதியதை வாசி என்றால் கூரையைப் பார்ப்பார்கள். கொரோனா என்று மூடிய காலம், பெற்றோல் இல்லையென்று மூடிய காலம் எல்லாம் இந்தப் பிள்ளைகளின் தலையில்தான் விடிந்திருந்தன.

அப்போதுதான் மூதூரிலிருந்து ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள் வாசிப்பு ஆசிரியை ஆதிலா. இருபத்தாறு வயது, ஒல்லிப் பிள்ளை. இவள் என்னத்தைச் செய்து கிழிக்கப் போகிறாள் என்றுதான் இராசமலரும் நினைத்தார். ஆனால் அவள் உடைந்த மேசைகள் போட்டிருந்த அறையைத் தானே கூட்டிக் கழுவினாள். பாய் விரித்தாள். நாலு நாலு பேராகக் கூப்பிட்டு அருகில் இருத்தி, விரலைப் பிடித்து எழுத்தின் மேல் வைத்து, பொறுமையாக வாசிப்பித்தாள். எட்டு மாதத்தில் ஐந்து பேர் பதினாறு பேராகிவிட்டார்கள். இன்னும் ஏழு பேர் மிச்சம்.

அந்த ஏழு பேர்தான் இராசமலரின் நித்திரையைக் கெடுத்தவர்கள். ஆதிலா போனால் அவர்கள் இப்படியே ஐந்தாம் ஆண்டைத் தாண்டி, பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கடைசி வாங்கிலில் இருந்துவிட்டு, பதினாலு வயதில் வயலுக்கு இறங்கிவிடுவார்கள். இருபத்தொன்பது வருடச் சேவையில் அப்படிப் போனவர்களை அவர் பெயர் பெயராக அறிவார்.

பக்கத்து ஊர்ப் பாடசாலை அதிபர் கனகரத்தினத்துக்குப் போன் எடுத்தார்.

“உங்கட பிள்ளையள் எத்தின பேர் வாசிப்பினம் ரீச்சர்?”

“பதினாறு பேர்” என்றார் இராசமலர். அந்த நேரத்திலும் குரலில் கொஞ்சம் பெருமை தட்டியது.

“அப்ப ஆதிலா ரீச்சருக்கு இப்பவே பிரியாவிடைக்கு ஒழுங்கு பண்ணுங்கோ. எனக்கு ஒரு பயமும் இல்ல. என்ர ஆக்கள் ஏழு பேருக்கு மேல வாய் திறக்க மாட்டாங்கள்.” கனகரத்தினம் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “பிள்ளையள் நல்லா வாசிச்சா உங்களுக்குத்தான் நட்டம். விளங்குதே?”

விளங்கியது. மறுநாள் விடிய அன்புவழிபுரத்து வீட்டிலிருந்து பஸ் ஏறியவர், கிண்ணியாப் பாலம் தாண்டும்போது விரல் மடித்துக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்துமூன்றில் அரைவாசி பதினொன்றரை. பதினொரு பேர் வாசித்தால் ஆதிலா இருப்பாள், பன்னிரண்டு பேர் வாசித்தால் போய்விடுவாள். பதினாறில் ஐந்து பேர் வாயை மூடிக்கொண்டால் போதும். மோசம்தான், தெரியும். ஆனால் வேறு வழி எதுவும் அவர் புத்திக்கு எட்டவில்லை.

கடிதத்தை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். ஆதிலாவுக்கு ஒரு பரிசோதனை நடக்கப்போகிறது என்று மட்டும் சொன்னார். அவள் பாவம், துள்ளிக் குதித்தாள்.

“பாருங்க ரீச்சர், நம்மட புள்ளைகள் கலக்குவாங்க. பதினாறுக்குக் கொறையவே கொறையாது!”

இராசமலர் தலையை ஆட்டிவிட்டு, இல்லாத கடதாசிக் கோவையொன்றைத் தேடுவதுபோல அப்பால் திரும்பினார்.

புதன்கிழமை சாப்பாட்டு மணிக்குப் பிறகு ஐந்து பேரைத் தன் கந்தோர் அறைக்குள் கூப்பிட்டார். அண்மையில்தான் வாசிக்கப் பழகியவர்கள் என்பதால் சந்தேகம் வராது. அவர்களில் கஜந்தியும் இருந்தாள். போன வருடம் ஈச்சிலம்பற்றிலிருந்து தாயோடு வந்து சேர்ந்தவள், ஐந்தாம் ஆண்டு. வாசிக்கத் தொடங்கி ஒன்றரை மாதம்கூட இல்லை.

“நாளைக்கு ஒரு சேர் வருவார். ஒரு அட்டையைத் தந்து வாசி எண்டு சொல்லுவார். நீங்கள் அஞ்சு பேரும் வாசிக்கக் கூடாது.”

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

“பொய் சொல்லக் கூடாதெண்டு நீங்கள்தானே பெரிய ரீச்சர் சொன்னீங்கள்?” என்றான் ஒருவன்.

“ஒண்டும் சொல்ல வேண்டாம். சும்மா நிண்டாக் காணும்.” இராசமலருக்கு முகம் சுட்டது. “நீங்கள் வாசிச்சா ஆதிலா ரீச்சரை வேற பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போயிருவினம். அவ இஞ்ச இருக்க வேணுமெண்டா, வாயத் திறக்கக் கூடாது. அவவுக்கும் சொல்லக் கூடாது.”

“ஒரு வரி மட்டும் வாசிக்கட்டா?” என்று கேட்டாள் கஜந்தி.

“ஒரு சொல்லும் வேண்டாம்.”

அவள் உதட்டை இறுக்கி மடித்துக்கொண்டு தலையாட்டினாள். வாசி, வாசி என்று சொல்லியே தலை நரைத்த மனுசிக்கு, வாசிக்காதே என்று சொன்னபிறகு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை.

வியாழக்கிழமை ஒன்பது மணிக்கு உதவிக் கல்விப் பணிப்பாளர் இராகுலன் மோட்டார் சைக்கிளில் வந்தார். நாற்பது வயதுக்காரர், முதுகு முழுக்க வியர்வை. அந்தக் கிழமை அவருக்கு இது ஐந்தாவது பள்ளிக்கூடம். தேத்தண்ணியைக் குடித்துவிட்டுக் கந்தோர் மேசையிலேயே இருந்தார். முன்னால் பெயர்ப் பட்டியல், பக்கத்தில் ஆறு வரி எழுதிய அட்டை. இராசமலர் எதிர்க் கதிரையில் இருந்தார். ஆதிலா பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூட்டி வந்து கதவடியில் நின்றாள்.

முதல் பிள்ளை கடகடவென்று வாசித்தது. ஆதிலாவின் முகம் மலர்ந்தது. இராசமலர் மேசைக்குக் கீழே ஒரு விரலை மடித்தார். ஒன்று.

நாலாவதாக வந்தவன் ஐந்து பேரில் ஒருவன். அட்டையைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான், நின்றான். “தெரியாதா?” என்றார் இராகுலன். அவன் பேசாமல் நின்றான். ‘வாசிக்க இயலாது’ என்று எழுதப்பட்டது. ஆதிலா திடுக்கிட்டு இராசமலரைப் பார்த்தாள். அவர் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த ஐவரில் இரண்டாமவன் பழக்கதோஷத்தில் முதற் சொல்லை வாசித்துவிட்டான். இராசமலருக்கு உயிரே போய் வந்தது. நல்லவேளை, அவனே இருமலொன்றை வரவழைத்துச் சமாளித்தான். மூன்றாவது பிள்ளை, நாலாவது பிள்ளை. ஒவ்வொருவரும் ஊமையாக நிற்க நிற்க ஆதிலாவின் முகம் கறுத்துக்கொண்டே போனது.

“நேத்தைக்கு வாசிச்ச புள்ள ரீச்சர்” என்று ஒருமுறை மெல்லச் சொன்னாள். “நான்தான் சரியாப் படிப்பிக்கல்லையோ தெரியா.”

அந்தப் பேச்சு இராசமலரின் நெஞ்சில் தைத்தது. எழும்பிப் போய்ச் சொல்லிவிடலாமா என்று நினைத்தார். ஆனால் கணக்கு நடுவில் நின்றது. இருபத்திரண்டு பேர் முடிந்தபோது வாசித்தவர்கள் சரியாகப் பதினொரு பேர். மிச்சம் கஜந்தி மட்டும்தான். சேர்ந்த ஒழுங்கில் பெயர் போட்டிருந்தபடியால் அவள் கடைசி.

தலைமயிரை எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னியிருந்தாள். அட்டையைக் கையில் வாங்கினாள். அவளுடைய கண் முதல் வரியில் ஓடி இரண்டாம் வரிக்கு இறங்குவதை இராசமலர் கண்டார். வாய் மட்டும் பூட்டுப் போட்டிருந்தது.

“வாசியுங்கோ பிள்ள.”

மௌனம்.

“இந்த முதல் எழுத்தாவது என்னெண்டு தெரியுமா?”

மௌனம். இராகுலன் ‘வாசிக்க இயலாது’ என்று எழுதிவிட்டுப் பேனையால் மேசையில் தட்டினார். “ஐஞ்சாம் ஆண்டு. ஒரு எழுத்தும் தெரியேல்ல. பிள்ளைக்குக் காது கேக்கிறதில ஏதும் பிரச்சினையோ, இல்லாட்டி மூளை வளர்ச்சி குறைவோ தெரியாது. விசேட கல்விப் பிரிவுக்கு அனுப்பிப் பாக்கச் சொல்லிக் குறிப்பு எழுதிறன். அடுத்த வருசம் போற பள்ளிக்கூடத்துக்கும் இது போகும்.”

பிள்ளையை முன்னால் வைத்துக்கொண்டு சொன்னார். கஜந்தி அசையவில்லை. கழுத்து மட்டும் சிவந்தது.

“அவளுக்கு வாசிக்கத் தெரியும் சேர்!”

யார் கத்தியது என்று இராசமலர் ஒரு கணம் தானே திகைத்தார். எழும்பி நின்றுகொண்டிருந்தார். “தெரியும். நல்லாத் தெரியும். கஜந்தி, வாசி பிள்ள.”

கஜந்தி மாட்டேன் என்று தலையாட்டினாள்.

“நான்தானே சொல்லுறன், வாசி!”

“மாட்டன்.” அவள் அழத் தொடங்கிவிட்டாள். “வாசிச்சா ஆதிலா ரீச்சரைக் கொண்டு போயிருவினம் எண்டு நீங்கள்தானே சொன்னீங்கள்.”

இராகுலன் பேனையை வைத்தார். ஆதிலா இராசமலரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம். அவளுக்கு முதலில் வந்தது ஆறுதல். தான் படிப்பித்தது வீண் போகவில்லை என்று தெரிந்துகொண்ட ஆறுதல். அதன் பின்னால்தான் பெரிய ரீச்சர் செய்ததும் தான் போகவேண்டியதும் விளங்கி, முகம் மாறியது.

அவள் வந்து கஜந்திக்கு அருகில் முழங்காலில் இருந்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டாள். “வாசிங்க மகள். எனக்காக வாசிங்க.”

கஜந்தி வாசித்தாள். விக்கி விக்கி, ஆனால் ஓரிடத்திலும் பிழையில்லாமல், ஆறு வரியையும் வாசித்து முடித்தாள்.

இராகுலன் கதவை ஒருமுறை பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

“மெடம், நான் ஒண்டும் கேக்கேல்ல, ஒண்டும் பாக்கேல்ல. எழுதினது எழுதினபடி கிடக்கட்டும். பதினொண்டு. ரீச்சர் இஞ்சையே இருக்கட்டும். கடிதம் எழுதின ஆக்கள் இந்த றோட்டுக்கு வந்து பாக்கப் போறேல்ல.”

இராசமலருக்கு அந்த மனிதனைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்போல் இருந்தது. வாசிக்கத் தெரியாத அந்த ஏழு பிள்ளைகளும் கண்ணுக்குள் வந்து நின்றார்கள். ஓம் சேர் என்று சொல்ல வாய் திறந்தார்.

கஜந்தி மேசையோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். பட்டியலின் கடைசி வரி அவள் மூக்குக்கு நேரே இருந்தது. யாரும் சொல்லாமலே விரலை வைத்தாள்.

“க...ஜந்...தி. வா...சிக்க... இய...லாது.” நிமிர்ந்து பார்த்தாள். “நான் இப்ப வாசிச்சனான்தானே பெரிய ரீச்சர்?”

இராசமலர் அந்த வரியைப் பார்த்தார். அது அவர் எழுதுவித்த வரி. அதற்கு மேலே அதே சொல் பதினொரு தரம் கிடந்தது. அதில் நாலு அவருடையது.

“மாத்துங்கோ சேர்” என்றார்.

“யோசிச்சுச் சொல்லுங்கோ. மாதக் கடைசியோட ரீச்சர் போயிருவா.”

“தெரியும். மாத்துங்கோ. இவளுக்கு மட்டுமில்ல, இன்னும் நாலு பேர் வெளியில நிக்கினம். அவையளையும் கூப்பிடுறன்.” கதவுப் பக்கம் திரும்பினார். “பிழை என்னில. நீங்கள் என்னைப் பற்றி என்ன எழுதினாலும் எழுதுங்கோ.”

இராகுலன் பெருமூச்சு விட்டுக்கொண்டு அந்த வரியை வெட்டினார். நாலு பேரும் வந்து வாசித்தார்கள். கடைசியில் பட்டியலின் அடியில் பதினாறு என்று விழுந்தது. இராசமலர் கையெழுத்து வைத்தார்.

மோட்டார் சைக்கிளின் சத்தம் வயல்வெளியில் தேய்ந்து போனது. ஆதிலா திட்டுவாள் என்று இராசமலர் காத்திருந்தார். திட்டினால் நன்றாயிருக்கும் என்றும் இருந்தது.

“மாதம் முடிய இன்னும் எத்தின நாள் பள்ளிக்கூடம் இரிக்கி ரீச்சர்?”

இராசமலர் கலண்டரைப் பார்த்தார். போயா விடுமுறை ஒன்று, சனி ஞாயிறு நாலு. “ஒன்பது நாள்.”

“அப்ப ஏன் நிக்கிறீங்க?” என்றாள் ஆதிலா. கண் கலங்கியிருந்தது, குரல் அதட்டலாக வந்தது. “அந்த ஏழு பேரயும் அனுப்புங்க.”

இராசமலர் வெளியே போய் ஏழு பெயர்களையும் கூப்பிட்டார்.